கீறலைப் போக்கும் முன் துணியை மாற்றுங்கள்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிற மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலில் விழா என்றால் சென்னை, வந்தவாசி, ஆரணி என்று பல பக்கங்களிலிருந்தும் குடும்பங்கள் காரில் வந்து இறங்கும். அப்படி வரிசையாக நிற்கும் கார்களில் கருப்பு, அடர்நீலம், கருஞ்சிவப்பு என்று அடர்ந்த நிறமுள்ள ஒன்றின் பானெட்டை வெயிலில் சற்றே குனிந்து பாருங்கள். சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டக் கோடுகள் தெரியும். வண்டி வாங்கி ஓராண்டுகூட ஆகியிருக்காது. வண்டிக்காரர் மண் ரோட்டையும் ஜல்லி லாரியையும் குறை சொல்வார். அடுத்த பண்டிகைக்குள் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டுவிட வேண்டும் என்பார். இரண்டுமே சரியில்லை. அந்தக் கோடுகளில் பெரும்பாலானவற்றைப் போட்டது ரோடு இல்லை, துடைத்த துணி. அவற்றை வருடா வருடம் தேய்த்து எடுப்பது, கோடுகள் இருப்பதைவிடப் பெரிய கேடு.

முதலில் அந்த வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ‘ஸ்வர்ல் மார்க்’ என்று கார்க் கடைகளில் சொல்லப்படும் இந்தச் சுழல் கீறல்கள் உண்மையில் சுழலாக இருப்பதில்லை. பெயின்ட்டின் மேல் எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளி எந்தக் கீறலுக்குக் குறுக்காக வந்து விழுகிறதோ அந்தக் கீறல்தான் ஒளியை நம் கண் பக்கம் திருப்பி அனுப்பும். மற்றவை இருப்பதே தெரியாது. ஒளிப்புள்ளியைச் சுற்றிலும் அப்படிக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால், அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் இரண்டடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். ஆகவே, வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல் வந்தது, நேராகத் துடைத்தால் வராது என்று பலரும் நம்புவதில் பாதிதான் உண்மை. ஒரே திசையில் இழுத்துத் துடைத்தால் கீறல்களும் ஒரே திசையில் அமையும், அதனால் சில கோணங்களில் மட்டுமே கண்ணில் படும். கீறல் விழுவது என்னவோ விழுந்துகொண்டுதான் இருக்கும். கேட்க வேண்டியது, துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே என்ன மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை.

அதற்கான விடை அந்த ஊரின் பாறையிலேயே இருக்கிறது. மேல்சித்தாமூரின் மலைநாதர் கோயிலில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர் உருவங்கள் ஒரு பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படுபவை அவை. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த முகங்கள் தேயாமல் நிற்பதற்கு இந்த வட்டாரத்துக் கல்லின் உறுதி காரணம். செஞ்சிக் கோட்டையைச் சுமந்து நிற்கும் குன்றுகளும் அதே கருங்கல் இனம்தான். இந்தக் கல் மழையிலும் வெயிலிலும் மெல்ல மெல்ல உதிரும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறிவிடுகிறது. குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணலாகவும் தூசியாகவும் மிஞ்சுகிறது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சன்னல் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட 5.5. நம் விரல் நகத்துக்கு 2.5. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும் என்றால், பிசின் வகையைச் சேர்ந்த கார் பெயின்ட் அதன் முன் எம்மாத்திரம்? கல்குவாரியும் கிரஷரும் ஜல்லி லாரியும் உள்ள மாவட்டத்தில் அந்தத் தூசிக்குப் பஞ்சமும் இல்லை.

மண்ணோடு இது முடியவில்லை. இது நெல் விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டுத் தூற்றுகிறார்கள். அரிசி ஆலைகளிலிருந்து உமியும் சாம்பலும் பறக்கின்றன. உமி பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பது சிலிக்கா. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்துக்கு ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்காதான். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும் சாம்பலால் பித்தளைப் பாத்திரம் விளக்கியதும் அது தேய்க்கும் பொருள் என்று தெரிந்ததால்தான். அறுவடைக் காலத்தில் ஒரு வாரம் வெளியில் நின்ற காரைக் காய்ந்த துணியால் துடைப்பது, பித்தளைக் குடத்துக்குச் செய்கிற காரியத்தைக் காருக்குச் செய்வது. குடம் அதைத் தாங்கும், ஏனென்றால் அது மேலிருந்து கீழ்வரை ஒரே உலோகம். கார் அப்படி இல்லை.

காரின் தகட்டின் மேல் நான்கு படலங்கள் இருக்கின்றன. துருவைத் தடுக்க மின்சார முறையில் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’. நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த மொத்தத்தில் கிளியர் கோட்டின் பங்கு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு முடியை நீளவாக்கில் பிளந்தால் கிடைக்கும் பாதியளவு கனம். பளபளப்பைத் தருவது அதுதான். வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு கீழே உள்ள நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான். சுழல் கீறல்கள் இந்தப் படலத்தின் மேல்தோலில் சில மைக்ரான் ஆழத்துக்குள் நின்றுவிடுகின்றன. அவற்றால் துருப்பிடிக்காது; நிறம் மங்காது; ஓட்டத்துக்கும் ஒரு குறையும் வராது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பாலிஷ் வியாபாரம் இந்த உண்மையைச் சொல்வதில்லை.

பாலிஷ் என்பது என்ன? கீறலை ஏதோ ஒரு மருந்து இட்டு நிரப்புவதாகத்தான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர் எதிர். அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்த காம்பவுண்டை வைத்துத் தேய்க்கும்போது, கீறலைச் சுற்றியுள்ள நல்ல பரப்பு கீறலின் அடிமட்டம்வரை இறக்கப்படுகிறது. பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதால் மேட்டைச் சீவி எடுக்கிறோம். மட்டம் ஒன்றானதும் ஒளி சிதறாது, கீறல் மறையும். மறைந்தது உண்மைதான், ஆனால் அதற்கு விலையாகப் பரப்பு முழுவதிலும் கொஞ்சம் கிளியர் கோட் போய்விட்டது. போனது திரும்பாது. அம்பாசடர், பியட் காலத்துக் கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன; பாலிஷ் போட்டால் துணியில் கார் நிறம் ஒட்டும், ‘போதும், நிறுத்து’ என்று பட்டறைக்காரருக்கு அதுவே சொல்லிவிடும். இன்றைய கார்களில் தேய்ந்து வருவது நிறமற்ற பொருள். துணியில் தடயமே இருக்காது. இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதே இன்றைய பாலிஷில் உள்ள பெரிய ஆபத்து. பானெட்டிலும் ரூஃபிலும் திட்டுத் திட்டாக வெளுத்து, தோல் உரிந்தது போலக் கிடக்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் கிளியர் கோட்டை முழுவதுமாக வென்ற நிலை அது. அதன்பிறகு எந்தப் பாலிஷும் உதவாது; அந்தப் பகுதிக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. படலம் மெலிய மெலிய அந்த நாள் முன்கூட்டியே வரும்.

‘ரோட்டில் ஓடுகிற வண்டி, கீறல் விழத்தானே செய்யும், துணியைக் குறை சொல்லி என்ன பயன்?’ என்று கேட்கலாம். காரே இதற்குச் சாட்சி சொல்கிறது. ரோட்டுக் கல்லும் மணலும் தெறித்து அடிக்கும் இடங்கள் முன் பம்பர், பானெட்டின் முன்விளிம்பு, சக்கரங்களுக்குப் பின்னுள்ள கீழ்ப்பகுதி. அங்கே விழுவது புள்ளிப் புள்ளியான சில்லுகள், மெல்லிய கோடுகள் அல்ல. சுழல் கீறல் மிகுந்திருப்பது ரூஃபிலும் பானெட்டின் நடுவிலும் கதவுகளின் மேல்பாதியிலும்; அதாவது கை எளிதாகப் போய்வரும் இடங்களில். துணி போகாத இடங்களைப் பாருங்கள். கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பு, டிக்கி மூடியின் உட்பக்க ஓரம் போன்றவை பத்தாண்டுக் காரில்கூட முகம் பார்க்கும்படி இருக்கும். தூசி அங்கேயும் படிகிறது. துடைப்பு மட்டும்தான் அங்கே நடப்பதில்லை.

ஆக, மாற்ற வேண்டியது பழக்கத்தை. நம் ஊரில் அது காலையில் தொடங்குகிறது. வண்டியை எடுக்கும் முன் பழைய வேட்டித் துண்டாலோ, பட்டறைகளில் கிலோக் கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட்டாலோ காய்ந்த தூசியை ஒரு சுற்றுத் துடைத்துவிடுவது டிரைவரின் கடமையாகவே ஆகியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி பளிச்சென்று இருந்தால்தான் முதலாளி திருப்தி அடைகிறார். ஆனால் காய்ந்த துணியின் ஒவ்வொரு இழுப்பும் நூறு குவார்ட்ஸ் துகள்களைப் பெயின்ட்டின் மேல் உழுதுகொண்டு போகிறது. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் வேறு ஒரு தவறு நடக்கிறது: ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே ஸ்பாஞ்சு, சக்கரத்தையும் அதிலேயே தேய்த்து, பானெட்டையும் அதிலேயே தேய்த்து, முந்தைய லாரியின் சேறும் அதிலேயே. சில ஊர்களில் பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் பசை மறுநாள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ள, அடுத்த துடைப்பு இன்னும் மோசமாகிறது. ஆயுத பூஜையன்று பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பதில் தவறே இல்லை. அது இரண்டு நாள் காய்ந்து இறுகிய பிறகு நகத்தாலும் காய்ந்த துணியாலும் சுரண்டுவதுதான் தவறு. காக்கை எச்சத்துக்கும் இதே விதி: ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியபின் அழுத்தாமல் தூக்கி எடுக்க வேண்டும்.

சரியான கழுவல் ஒன்றும் கடினமான வித்தை இல்லை. முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி, கை படாமலே முடிந்தவரை மண்ணை இறக்கிவிட வேண்டும். பிறகு கார் ஷாம்பு கலந்த ஒரு பக்கெட், வெறும் தண்ணீர் உள்ள இன்னொரு பக்கெட் என இரண்டு வேண்டும். துணியை ஷாம்புவில் நனைத்து, மேலிருந்து கீழாக ஒரு பகுதியைத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதிர்த்த பிறகே மறுபடி ஷாம்பு பக்கெட்டைத் தொட வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி. அதன் நுண்ணிழைகள் துகளைத் தம் இடுக்குக்குள் வாங்கிக்கொள்வதால் அது பெயின்ட்டோடு உரசுவது குறைகிறது. கீழே தரையில் விழுந்த துணி அன்றைக்கு மறுபடி காரில் படக்கூடாது. போர்த் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் வெயிலில் கழுவக்கூடாது. தண்ணீர் தானாகக் காய்ந்தால் சுண்ணாம்பு உப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும், அதைத் தேய்க்கப் போனால் அதிலும் கீறல்தான்.

தண்ணீர்தான் இங்கே எதிர்வாதம். சித்திரை, வைகாசியில் குடிக்கவே தண்ணீருக்கு அலையும் ஊரில் காருக்கு இரண்டு பக்கெட்டா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. என் பதில், கழுவாதீர்கள் என்பதே. தூசி சும்மா கிடக்கும்வரை கிளியர் கோட்டை ஒன்றும் செய்வதில்லை. அழுத்தி நகர்த்தும்போதுதான் அது கீறுகிறது. தினமும் துடைக்கிற காரைவிட, இரண்டு வாரம் தூசியோடு ஓடி ஒருமுறை ஒழுங்காகக் கழுவப்பட்ட கார் நல்ல நிலையில் இருக்கும். கண்ணாடியையும் விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் மட்டும் அன்றாடம் சுத்தமாக வைத்தால் பாதுகாப்புக்குப் போதும். கல்யாணம், கோயில் என்று அவசரமாகப் புறப்பட வேண்டுமென்றால், பூச்சிமருந்து தொடாத புதிய கைத்தெளிப்பான் ஒன்றில் சில லிட்டர் தண்ணீரும் துளி ஷாம்புவும் கலந்து, முழுக்க நனைத்து ஊறவிட்டு, மடிப்பு மாற்றி மாற்றி ஈர மைக்ரோஃபைபரால் மெல்ல எடுத்துவிடலாம். விவசாயிகள் உள்ள ஊரில் தெளிப்பானுக்கு யாரும் அலைய வேண்டியதில்லை.

சரி, ஏற்கெனவே விழுந்த கீறல்கள்? பழக்கத்தை மாற்றிய பிறகு ஒருமுறை பாலிஷ் செய்துகொள்வதில் தவறில்லை. மாற்றாமல் செய்தால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். எந்தக் கீறல் போகும், எது போகாது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கீறலின் மேல் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் அது மறைந்தால் பெரும்பாலும் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது பாலிஷுக்கு உரியதன்று. அதை முழுக்க அழிக்க முயல்வது படலத்தையே துளைப்பதில் முடியும். டச்சப் பெயின்ட் வைத்து மூடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாலிஷுக்கு முன் காரை நன்றாகக் கழுவி, விரலால் தடவினால் நறநறக்கும் ஒட்டுத் தூசியை அதற்கென்றே விற்கும் களிமண் கட்டியால், வழவழப்புக்கு ஷாம்புத் தண்ணீரைத் தெளித்தபடி எடுத்துவிட வேண்டும். பிறகு நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஓரிரு அடிச் சதுரத்தில் மட்டும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், இவற்றில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டுமே ஒருபடி கடுமையானதற்குப் போக வேண்டும். பல பட்டறைகளில் தலைகீழாக, கம்பளி பேடும் கடுங்காம்பவுண்டுமே முதலில் எடுக்கப்படுகின்றன.

இயந்திரத்திலும் வேறுபாடு உண்டு. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி பஃபிங் மெஷின் பழகிய கையில் அற்புதமான கருவி. பழகாத கையில் ஓரிடத்தில் சூடேறிப் பெயின்ட்டைப் பொசுக்கிவிடும், புதிய வளையக் கோடுகளையும் விட்டுப் போகும். சுழன்றுகொண்டே அதிரும் இரட்டை இயக்க மெஷின் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பானது. எதுவானாலும் பானெட்டின் மடிப்புக் கோடுகள், கதவு விளிம்புகள் ஆகிய இடங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும், அழுத்தமும் அங்கேதான் குவியும். மாஸ்கிங் டேப் ஒட்டி அவற்றைக் காக்கச் சொல்லுங்கள். எல்லாக் கோட்டையும் எடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பத்தில் எட்டு மறைந்தால் போதும் என்று நிறுத்தத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நல்ல கைக்காரர்.

பட்டறையிலிருந்து வரும் அன்று எல்லாக் காரும் புதிதாகத்தான் இருக்கும். அந்தப் பளபளப்பில் எவ்வளவு உண்மை என்று அறிய ஒரு வழி உண்டு. பல பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறலுக்குள் புகுந்து தற்காலிகமாக மறைத்து, நான்கைந்து கழுவலில் வெளியேறிவிடும். வேலை முடிந்ததும் ஓரிடத்தைத் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் கீறல் போனதா, ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், மெல்லிய கோடுகளுக்கு இப்படி மெழுகால் மறைப்பதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். மறைப்பு என்று சொல்லியே செய்தால், கிளியர் கோட்டைத் தொடாத மிகப் பாதுகாப்பான வழி அது. ரப்பிங் என்று காசு வாங்கிக்கொண்டு மெழுகு தடவுவதுதான் ஏமாற்று. டூத்பேஸ்ட் வைத்தியத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதிலும் தேய்ப்புப் பொருள் இருக்கிறது, அதனால் சில கோடுகள் மங்கும். ஆனால் அது பல்லுக்கென்று செய்யப்பட்டது, பெயின்ட்டில் சீராக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செராமிக் கோட்டிங் தண்ணீர் ஒட்டாமல் வழியச் செய்யும், கழுவலை எளிதாக்கும். ஆனால் மிக மெல்லிய அந்தப் பூச்சு, மண் பிடித்த துணியைத் தடுக்காது. பெயின்ட்டின் மேல் ஒட்டும் தடித்த பாதுகாப்பு ஃபிலிம் தடுக்கும், விலைதான் எல்லோருக்கும் கட்டாது.

‘பாலிஷ் போட்டால் விற்கும்போது நல்ல விலை கிடைக்குமே’ என்பது கடைசி வாதம். விற்கும் முன் ஒருமுறை என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பழைய கார் வாங்குபவர்கள் இன்று பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். வழக்கத்துக்கு மிக அதிகமான எண் பட்டி வைத்ததைக் காட்டிவிடும், மிகக் குறைந்த எண் தேய்த்துத் தேய்த்துத் தீர்த்ததைக் காட்டிவிடும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே பெரும்பாலும் வேண்டியதில்லை. கீறல் இருந்தாலும் கண்ணில் படாது. அடர்நிறக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கோடுகளோடு வாழப் பழகிக்கொள்வது நல்லது. பண்டிகைக்குப் பண்டிகை ரப்பிங் போடும் பணத்தில் ஆண்டு முழுவதற்கும் போதுமான மைக்ரோஃபைபர் துணியும் ஷாம்புவும் வாங்கலாம். வாட்டர் சர்வீஸ் நடத்துபவர்கள் இரண்டாவது பக்கெட் ஒன்றையும், சக்கரத்துக்குத் தனி ஸ்பாஞ்சு ஒன்றையும் வைத்தால் போதும். வண்டிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நாளைக் காலையில் டிரைவர் காய்ந்த துணியோடு வரும்போது, கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட வேண்டும்.